தேசிங்கு கல்

அந்தப் பக்கம் உக்காராத தம்பி, தகரத்துல ஓட்டை. மழை வலுத்தா நேரா தலையில கொட்டும். இந்தப் பக்கம் வா. பையை மடியில வச்சிக்க, கீழ வைக்காத, ஈரம். பஸ்ஸுதான? இப்பதான் ஒண்ணு போச்சி. இனிமே முக்கா மணி நேரம். மழை பேஞ்சா ஒரு மணி நேரம். நானும் அதே பஸ்ஸுலதான் போவணும், எனக்கு அவசரம் இல்ல.

போர்டுல இன்னா படிச்ச? மஞ்சக்கல்மேடா? போனுல தேடிப் பாக்கறியா? வராது. ஊரு இருந்தாதான வரும். போர்டு மட்டும்தான் பாக்கி. அதைப் புடுங்கறதுக்கு இன்னும் ஆர்டர் வரல போல.

நான் இந்த ஊருதான். பேரு பூங்காவனம். பொறந்தது, கட்டிக்கினது, புள்ள பெத்தது, தாலி அறுத்தது எல்லாம் இங்கதான். எங்க நைனாவுக்கு நான் ஒரே பொண்ணு, அதனால மாப்பிள்ளைய வூட்டோட கொண்டாந்துட்டாரு. நைனான்னா எங்கப்பா. தேசிங்குன்னு பேரு. அந்தப் பேர ஞாபகம் வச்சிக்க, அப்பால வரும்.

சும்மாதான உக்காந்திருக்க, ஊரக் காட்டறேன். நான் கையால காட்டறேன், நீ கண்ணால பாத்துக்க. எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. கிட்ட இருக்கறது தெரியும், தூரத்துல இருக்கறதெல்லாம் கஞ்சித் தண்ணி மாதிரி கலங்கலா நிக்கும். ஆனா இந்த ஊரப் பாக்க எனக்குக் கண்ணு எதுக்கு.

எதுத்தாப்புல தண்ணி தெரியுதே, அதான் சித்தேரி. கரை அந்தாண்ட, கெழக்கால. இந்தப் பக்கம் கரையே கெடையாது. தரை அப்படியே சரிவா ஏறிகினு வந்து இந்த ரோட்டுல முட்டும். அதனால ஏரி நெறஞ்சா தண்ணி நம்மள நோக்கித்தான் வரும். வடக்கால ரயில் கேட்டு. தெக்கால பெரிய ஊரு, நமக்கு ரேஷன் கடை, கோயில் தேரு எல்லாம் அங்கதான். மேக்கால இந்த ரோடு. இந்த நாலுக்கும் நடுவுல இருந்ததுதான் மஞ்சக்கல்மேடு. மூணு தெரு, நாப்பத்தோரு வூடு, கன்னியம்மா கோயில் ஒண்ணு, அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் தோ, இந்த ஷெட்டுக்குப் பக்கத்துலயே இருந்துச்சி. இப்ப முள்ளுதான் மொளச்சிக் கெடக்குது.

தண்ணியிலேர்ந்து ஆரம்பிச்சி வரிசையா சொல்றேன் கேளு. மொதல்ல கள்ளிமூலை, அங்க ஒரு கள்ளிப்புதர் இருக்கும், இப்பவும் இருக்குது. அதுக்குப் பத்து தப்படி மேல ஒரு மாட்டுக்கொட்டா. அதுக்கு மேல கீழ்த்தெரு, நடுத்தெரு, கோயிலு, மேட்டுத்தெரு. கடைசியில பள்ளிக்கூடம். புரிஞ்சிதா? தலைய ஆட்டற, புரிஞ்சா சரி. கள்ளிமூலையும் மாட்டுக்கொட்டாவும் ஊருக்குக் கீழ. பள்ளிக்கூடம் ஊருக்கு மேல. இத மட்டும் மறந்துடாத.

ஊருக்கு ஏன் அந்தப் பேருன்னு நீ கேக்கல. கேக்காட்டியும் சொல்லுவேன். அந்தக் காலத்துல ஏரிய ஆழப்படுத்த மண்ணு வெட்ட வந்த ஏழு குடும்பம் இங்கயே தங்கிடுச்சி. அவங்களுக்குத் தண்ணின்னா பயம். ஐப்பசி, கார்த்திகையில ஏரி ரொம்பி தண்ணி மேல ஏறும்போது, ஊரு ஆம்பள ஒருத்தரு தலைமுழுவிட்டு, ஒரு கல்லத் தோள்ல தூக்கிகினு தண்ணி முன்னால போய் நிப்பாரு. 'தாயே, இதோட நில்லு'ன்னு சொல்லி கல்ல நட்டு மஞ்ச பூசுவாரு. தண்ணி அந்தக் கல்லத் தொட்டுட்டுத் திரும்பிச்சின்னா அது அவரு கல்லு. அவரு பேரு அந்தக் கல்லுக்கு. எந்தக் கல்லு எல்லாத்தவிட மேல இருக்குதோ, அந்தக் குடும்பம்தான் பெரிய தண்ணிய நிறுத்துன குடும்பம். ஆடி மாசம் கன்னியம்மாவுக்குக் கூழ் ஊத்தும்போது மொதல் செம்பு அந்த வூட்டுக்குத்தான். மாமியா செத்தாலும் மாமன் செத்தாலும் மொதல் செம்பு மாறாது.

எங்க நைனா கல்லு கள்ளிமூலையில இருந்துச்சி. நான் பொறந்த வருஷம் நட்டது. எட்டு வருஷம் மொதல் செம்பு எங்க வூட்டுக்குத்தான். அப்பால ஒரு வருஷம் தண்ணி இன்னும் கொஞ்சம் ஏறிச்சி. வேலாயுதம்னு ஒருத்தரு, கீழ்த்தெருக்காரரு, மாட்டுக்கொட்டா வாசல்ல கல்ல நட்டுட்டாரு. பத்தே தப்படி. அந்தப் பத்து தப்படிக்கு மொதல் செம்பு அவங்க வூட்டுக்குப் பூடுச்சி. எங்க நைனா அந்த ஆடி மாசம் கூழே குடிக்கல. ரெண்டு நாளு செவுத்தப் பாத்துகினு படுத்திருந்தாரு. எனக்கு எட்டு வயசு, எனக்கே வயிறு எரிஞ்சிது.

அந்த வேலாயுதத்தோட மருமவதான் கஸ்தூரி. இந்தக் கதையில எல்லாத்தையும் கெடுத்தவ அவதான்.

ரெண்டு வருஷம் கழிச்சி பெருவெள்ளம். தண்ணி ஊருக்குள்ள ஏறிடும்னு தமுக்கு அடிச்சி ஊரையே கெளப்பிட்டாங்க. எல்லாரும் சட்டி பானைய தூக்கிகினு பெரிய ஊரு கோயில் மண்டபத்துக்குப் பூட்டாங்க, அஞ்சு நாளு. எங்க நைனா மட்டும் வரமாட்டேன்னுட்டாரு. மாட்ட யாரு பாத்துக்கறதுன்னாரு. நானும் அவரு காலக் கட்டிகினு இருந்துட்டேன். அஞ்சு நாளு கழிச்சி ஊரு திரும்பி வந்து பாத்தா, பள்ளிக்கூடத்துச் செவுத்தோரம் கல்லு நிக்குது. மஞ்ச பூசி, பூ வச்சி. தண்ணி இதுவரைக்கும் வந்துச்சி, நான் ஒருத்தனா நின்னு நிறுத்திட்டேன்னாரு நைனா. ஊரே கையெடுத்துக் கும்பிட்டுது. அன்னிக்கி வந்த மொதல் செம்பு, அம்பது வருஷம் எங்க வூட்ட வுட்டுப் போவல.

கல்லு அதே கல்லுதான். கள்ளிமூலையில இருந்ததத்தான் பேத்து எடுத்தோம். நைனா கடப்பாறை போட்டாரு, நான் பின்னாலேர்ந்து தள்ளினேன். மத்தியான வெயிலு. மழை வுட்டு ரெண்டு நாளு ஆயிருந்துச்சி, தெருவெல்லாம் தரை இறுகிக் கெடந்ததால சுளுவா உருண்டுச்சி. சேறா இருந்திருந்தா எங்க ரெண்டு பேரால ஆயிருக்காது.

இன்னா அப்படிப் பாக்கற? தண்ணி வரலியேன்னா? தண்ணி ஏன் வரல, அத யோசன பண்ணு. ஊரே ஓடிப்பூடுச்சி, ஒரு மனுசன் கல்லத் தூக்கிகினு எதுத்து நின்னாரு. அவரு நின்னதாலதான் அது வரல. வராத தண்ணிய நிறுத்துறதுதான் தம்பி பெரிசு. வந்த தண்ணிய எவன் வேணும்னாலும் நிறுத்துவான்.

சரி, வுடு. நடந்ததச் சொல்றேன்.

மூணு நாலு வருஷத்துக்கு முன்ன யாரோ கோர்ட்டுல கேஸ் போட்டாங்களாம், ஏரியெல்லாம் பழையபடி ஆக்கணும்னு. சித்தேரி எதுவரைக்கும் இருந்துச்சின்னு அளந்து சொல்லுன்னு தீர்ப்பு. ஆபீஸ்ல இருந்த பழைய மேப்புல எங்க ஊருப் பக்கத்து மூலை செல்லரிச்சிப் பூடுச்சாம். அதனால ஊருல கேட்டு எழுதிகினு வான்னு ஒரு சர்வேயர அனுப்பிட்டாங்க. வரப் போறாருன்னு தெரிஞ்சதும் ஊருல கூட்டம் போட்டாங்க. யாரு வந்து எதக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடணும், ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு பேச்சு. என் புள்ள ஏழுமலதான் முன்ன நின்னு சொன்னான். ஷேர் ஆட்டோ ஓட்டறான் அவன். அப்பத்தான் மேட்டுத்தெருவுல தளம் போட்டு வூடு கட்டி, பால் காய்ச்சி ஒரு மாசம் ஆவுது. எல்லாரும் சரின்னாங்க. நானும் சரின்னுதான் சொன்னேன்.

அந்த சர்வேயரு வந்தாரு. சின்ன வயசு, நல்ல புள்ள. வெயில்ல வேர்த்து வடியுது. கோயிலாண்ட நின்னு, 'இந்த ஊரப் பத்தி தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா'ன்னு கேட்டாரு. யாரும் பேசல. நானும் பேசல, கன்னியம்மா மேல ஆணையா நானும் பேசல. இந்தக் கஸ்தூரி இருக்கறாளே, அவ சொல்றா, 'இங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது சார். எல்லாம் நேத்து பொழைக்க வந்த கூட்டம்'னு.

நேத்து பொழைக்க வந்த கூட்டமாம். யாரு? தேசிங்கு பொண்ணா? நீயே சொல்லு தம்பி, உன் மூஞ்சிக்கு நேரா உன்னப் பெத்தவரையே இல்லேன்னு சொன்னா நீ சும்மா இருப்பியா?

'நான் சொல்றேன் சார், என் கூட வாங்க'ன்னேன். ஏழுமல கைய புடிச்சி இழுத்தான், ஒதறிட்டேன். மோர் குடுத்தேன் அந்தப் புள்ளைக்கு. கள்ளிமூலையிலேர்ந்து ஆரம்பிச்சி ஒவ்வொரு எடமாக் காட்டினேன். ஏழு குடும்பம் வந்தத சொன்னேன், கல்லு நடுற மொறைய சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவரு எழுதிகினே வந்தாரு. என் பேச்ச ஒருத்தரு எழுதிகினது அன்னிக்கித்தான். மனசுக்கு எவ்வளவு நெறவா இருந்துச்சி தெரியுமா. மாட்டுக்கொட்டாவாண்ட நின்னு இது வேலாயுதம் கல்லுன்னு அதையும் மறைக்காமத்தான் சொன்னேன். கடைசியில பள்ளிக்கூடத்தாண்ட கூட்டிகினு வந்து, இதான் சார் தேசிங்கு கல்லு, எல்லாத்துக்கும் பெரிசுன்னேன்.

'தண்ணி இதுவரைக்கும் வந்துச்சாம்மா'ன்னு கேட்டாரு.

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பின்னாலேர்ந்து கஸ்தூரி கத்தறா. 'பொய் சார், அவ அப்பன் உருட்டிகினு வந்து வச்ச கல்லு அது. எங்க மாமனாரு சாவுற வரைக்கும் சொல்லிகினு இருந்தாரு. மாட்டுக்கொட்டாவோட தண்ணி முடிஞ்சிது சார்'னு.

பாத்தியா, இவ்வளவு நேரம் ஒண்ணும் தெரியாதுன்னவளுக்கு அப்ப மட்டும் எல்லாம் தெரிஞ்சிது. தவளை தன் வாயாலயே கெடும்பாங்க, அது அவளுக்குன்னு சொன்னதுதான். ஊரு முன்னால எங்க நைனாவப் பொய்யன்னுட்டா. நான் இன்னா செய்வேன்? கோயிலுக்குப் போயி கற்பூரம் எடுத்தாந்து அந்தக் கல்லு மேலயே ஏத்தி அடிச்சேன். தண்ணி இந்தக் கல்லத் தொட்டுச்சி, எங்க நைனா நிறுத்தினாரு, இது சத்தியம்னேன். அந்தப் புள்ள எழுதி நீட்டுன தாள்ல கையெழுத்தும் போட்டேன். தே. பூங்காவனம்னு. கல்யாணம் ஆயி நாப்பது வருஷத்துல அந்த எழுத்த நான் மாத்தல.

மூணு மாசத்துல ஒவ்வொரு கதவுலயும் நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. தேசிங்கு கல்லு வரைக்கும் ஏரியாம். அதுக்குக் கீழ இருக்கற நாப்பத்தோரு வூடும் ஏரிக்குள்ள கட்டுன வூடாம். வேலாயுதம் கல்லு வரைக்கும்னு எழுதியிருந்தா ஒரு மாட்டுக்கொட்டாவோட போயிருக்கும், ஊருல ஒரு செங்கல்லு அசைஞ்சிருக்காதுன்னு எல்லாரும் என்னத் திட்டுனாங்க. என்னத் திட்டி இன்னா புண்ணியம்? அவ கத்தாம இருந்திருந்தா நான் கற்பூரம் அடிச்சிருக்க மாட்டேன். அத யாரும் யோசிக்கல.

அப்பால ஒரு விசாரணை வச்சாங்க. ஆட்சேபம் இருந்தா வந்து சொல்லலாம்னு. போறதுக்கு முந்தின நாளு ஏழுமல என் காலாண்ட வந்து உக்காந்தான். இம்மாம் பெரிய ஆம்பள, சின்னப் புள்ள மாதிரி அழுதான். 'எம்மா, ஒரே ஒரு வார்த்த சொல்லு. கல்லு நகத்துனதுன்னு சொல்லு. தாத்தாவ யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. செத்துப்போனவரு, அவருக்கு வூடு தேவையில்ல. உம் பேத்திக்கு வேணும்மா'ன்னான். பெத்த வயிறு தம்பி. அப்படியே உருகிப் பூட்டேன். சொல்றேண்டா, அழாதன்னேன். சொல்லத்தான் போனேன். அம்மன் அறிய, அதச் சொல்லத்தான் பஸ் ஏறிப் போனேன்.

பெரிய ஆபீஸ். மேல காத்தாடி சுத்துது. ஊரே பின்னால நிக்குது, கஸ்தூரி கூட வந்து நின்னா. கூப்பிட்டாங்க, போய் நின்னேன். மேசைக்கு அந்தாண்ட ஒரு அதிகாரி அம்மா. 'உங்க வாக்குமூலத்தப் படிக்கறேன், சரியான்னு சொல்லுங்க'ன்னாங்க. சரிம்மான்னேன். படிச்சாங்க.

'மஞ்சக்கல்மேடு கிராமத்தைச் சேர்ந்த தேசிங்கு என்பவர், பெருவெள்ளத்தின்போது ஊரார் அனைவரும் வெளியேறிய நிலையில், தனியொருவராக நின்று வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தி, அதன் அடையாளமாக நட்ட கல்.'

அப்படியே சொல்றேன், ஒரு எழுத்து மாறாது. கவர்மெண்டு தாளு தம்பி. கீழ சீலு. எங்க நைனா கூலி வேல செஞ்சவரு. அவரு பேர உயிரோட இருந்தப்ப ரேஷன் கடைக்காரன் கூட மரியாதையாக் கூப்பிட்டதில்ல. அந்த அம்மா காத்தாடிக்குக் கீழ உக்காந்துகினு 'தேசிங்கு என்பவர்'னு படிக்கறாங்க. சுத்தி நிக்கற அத்தினி பேரும் கேட்டுகினு இருக்காங்க. எனக்குக் கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது.

'சரியாம்மா?'ன்னாங்க.

'சரிதாம்மா'ன்னேன்.

வேற இன்னா சொல்ல முடியும், நீ சொல்லு.

பங்குனி மாசம் எந்திரம் வந்துச்சி. ரெண்டு நாளுல முடிச்சிட்டாங்க. புள்ளைங்களுக்குப் பரிட்ச நேரம், புத்தகத்தக் கூட சரியா எடுத்துக்க முடியல. ஏழுமல வூட்டு வாசல்ல நின்னு அவன் போட்ட தளம் உழுவறத ஒரு சொட்டுக் கண்ணீரு இல்லாம பாத்துகினு இருந்தான். பள்ளிக்கூடத்தையும் இடிச்சாங்க. கல்ல மட்டும் தொடல. அதுக்கு வெள்ளையடிச்சி, கறுப்பு மையில நம்பரு போட்டு, சுத்தி கம்பி வேலி போட்டிருக்காங்க. அது இப்ப கவர்மெண்டு கல்லு. பக்கத்துல பாரு, முள்ளுக்கு நடுவுல வெள்ளையாத் தெரியுது பாரு. நான்தான் வாராவாரம் மஞ்ச பூசறேன். வாட்ச்மேன் மொதல்ல திட்டினான், இப்ப ஒண்ணும் சொல்றதில்ல.

எங்களுக்கு எட்டு மாடிக் கட்டடத்துல எடம் குடுத்தாங்க, ரெண்டு பஸ் மாறிப் போவணும். நாங்க ஏழாவது மாடி. லிப்ட்டு பாதி நாளு ஓடாது. அங்கேர்ந்து ஏழுமலைக்கு சவாரி கெடைக்கல, இப்ப ஒரு குடோன்ல மூட்ட தூக்கறான். மருமவ சோறு போட்டு வைப்பா. பேத்தி எப்பவாவது பக்கத்துல வந்து உக்காரும். ஏழுமல என்னாண்ட பேசி ரெண்டு வருஷம் ஏழு மாசம் ஆவுது. அன்னிக்கி ஆபீஸ்லேர்ந்து வெளிய வந்து, 'வூட்டுக்குப் போலாம் வாம்மா'ன்னான் பாரு, அதான் கடேசி. நானும் பேசிப் பேசிப் பாக்கறேன். செவுத்தாண்டயாவது பேசலாம், எதிரொலி வரும்.

கஸ்தூரி போன தை மாசம் செத்துட்டா. அதே கட்டடம், ரெண்டாவது மாடி. போறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்ன சொல்லி அனுப்பிச்சா. 'ஊருக்கெல்லாம் சொல்ல வேணாம், எங்கிட்ட மட்டும் ஒத்துக்கடி பூங்காவனம், நான் பொய் சொல்லலன்னு தெரிஞ்சிகினு போறேன்'னு. நான் போவல. படிக்கட்டு வரைக்கும் வந்தேன், திரும்பிட்டேன். ஒத்துக்கறதுக்கு இன்னா இருக்குது? இப்ப அந்தக் கதைய சொல்றதுக்கு ஊருல நான் ஒருத்திதான் மிச்சம். ஆடி மாசம் கூழ் ஊத்தறதும் நான் ஒருத்திதான். ஒரு செம்பு காய்ச்சிகினு வந்து கல்லுக்கு ஊத்திட்டுப் போவேன். மொதல் செம்பும் அதுதான், கடேசி செம்பும் அதுதான்.

எதுக்குத் தெனமும் இங்க வந்து உக்காந்திருக்கன்னுதான கேக்கப் போற? தெனமும் இல்ல தம்பி. மழைக் காலத்துல மட்டும்தான் தெனமும். ஊர இடிச்சி, ஏரியத் தூரு வாரி, கரைய ஒசத்தியாச்சி. இனிமே தண்ணி ஏற வேண்டியதுதான பாக்கி. ஏறி வந்து அந்தக் கல்லத் தொட்டுச்சின்னு வையி, எல்லாருக்கும் தெரிஞ்சிடும். எங்க நைனா சொன்னது நெசம்னு தெரிஞ்சிடும். ஏழுமலயக் கையப் புடிச்சி இழுத்தாந்து காட்டுவேன், பாருடா உங்க தாத்தன் கல்ல, தண்ணி தொட்டுகினு நிக்குது பாருன்னு. அப்ப பேசித்தான ஆவணும்.

ரெண்டு மழைக் காலம் போச்சி. தண்ணி வரல. நல்லா பேஞ்ச மழைதான், ஆனா வரல. நேத்து ஒரு பால்காரரு இங்க ஒதுங்குனாரு, அவரப் பாத்துச் சொல்லச் சொன்னேன். கள்ளிப்புதருக்கு அந்தாண்டயே நிக்குதுன்னாரு. வயசானவரு, அவருக்கும் கண்ணு சரியில்ல போல.

மழை வலுக்குது பாரு. நல்ல மழை. உன் பஸ்ஸு ரயில் கேட்டாண்ட ஹாரன் அடிக்குது, வந்துடும். போறதுக்கு முன்ன எனக்கு ஒரே ஒரு உதவி செய்யி. நீ வளத்தியா இருக்கற, கண்ணும் நல்லா இருக்குது. இந்த பெஞ்சு மேல ஏறி நின்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு. கள்ளிப்புதர் தெரியுதா? தெரியுதுல்ல. தண்ணி அதத் தாண்டிச்சா?

தாண்டலியா.

அவசரப்படாத தம்பி, பஸ்ஸு நிக்கும். இன்னொரு தபா நல்லாப் பாரு.